அரளி பூத்த வீடு

காலை ஏழரை மணிக்கு ஐயனார் வாசலில் சுருண்டு விழுந்தார். எட்டரைக்குள் இலுப்பூர் முழுக்க ஒரே பேச்சு: மருமகள் சத்யா மாமனாருக்கு அரளி விதையை அரைத்துக் கொடுத்துவிட்டாள்!

புகார் கொடுத்தவள் ஐயனாரின் தங்கை மருதாயி. வீட்டு முன்னாலேயே அரளி பூத்துக் குலுங்கியது. போதாததற்கு, ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் போன் செய்தார். "எழுபது தாண்டின மனுஷன். இதயம் தாறுமாறா துடிக்குது மேடம். அரளி தின்னாலும் இப்படித்தான் ஆகும். உள்ள என்ன போச்சுன்னு சீக்கிரம் சொல்லுங்க, அதுக்குத் தக்கதான் வைத்தியம்."

சப் இன்ஸ்பெக்டர் மணிமேகலைக்கு மண்டை காய்ந்தது. சத்யாவை ஜீப்பில் ஏற்றுவது ஒரு நிமிஷ வேலை. ஏற்றிவிட்டால், நிரபராதி என்றாலும் இந்த ஊரில் அவள் தலை நிமிர முடியாது.

"மாமனாரோட சண்டையா?"

"ஆமாங்க. காலு வீங்கி செருப்பே நொழையல, ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னா வரமாட்டேன்னுட்டாரு. போன வாரம் கோவத்துல, செத்துத் தொலைங்கன்னு கத்திட்டேன்."

"என் காதாலயே கேட்டேன்!" மருதாயி பாய்ந்தாள். "அன்னையிலேருந்து இவ கையால பச்சத் தண்ணிகூட அண்ணனைத் தொட விடலையே நானு!"

மணிமேகலை குழம்பிப்போனாள். சத்யா கையால் சோறும் போகவில்லை, தண்ணீரும் போகவில்லை. அப்படியானால் விஷத்தை எதில் வைப்பது? அடுக்களையில் டப்பா டப்பாவாக மோந்து பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. கொல்லையில் அடுப்பெரிக்க இளநீர்க் கூடுகள் குவியலாகக் காய்ந்தன. சுற்றிலும் வேப்பமரம்தான் நின்றது. அலுப்போடு திரும்பினாள்.

மறுபடி போன். "ரத்தப் பரிசோதனை வந்திருச்சு மேடம். கிட்னி ரொம்ப நாளா ஓஞ்சு கெடக்கு. வெளிய தள்ள முடியாம பொட்டாசியம் ரத்தத்துல தேங்கி இதயத்தைப் படுத்துது. ஆனா அரளியாலயும் அது ஏறும். எனக்கே பிடிபடல."

"பொட்டாசியம் எதுல இருக்கும் டாக்டர்?"

"கீரை, பழம், இளநி..."

மணிமேகலை கொல்லையைத் திரும்பிப் பார்த்தாள். அந்த வீட்டில் ஒரு தென்னைகூட இல்லை.

"ஏம்மா, ஒங்க அண்ணன் என்னதான் குடிச்சாரு?"

மருதாயி நெஞ்சை நிமிர்த்தினாள். "இளநிதான். தாகம்னா இளநி, பசின்னா இளநி. கடையில வாங்கியாந்து என் கையாலயே சீவிக் கொடுத்தேன். சீவாத காயில எவளால விஷம் வைக்க முடியும்?"

"டாக்டர், அரளி இல்ல," என்றாள் மணிமேகலை போனில். "ஒரு வாரமா இளநிதான் ஆகாரம். கால் வீக்கமும் முன்னாலேயே இருந்திருக்கு."

"அப்பச் சரி. பொட்டாசியத்தை எறக்கிர்றேன்."

மணிமேகலை மருதாயியிடம் திரும்பினாள். "கொடுத்தது நீங்கதாம்மா. நல்ல உடம்புக்கு அது அமிர்தம். கிட்னி ஓஞ்ச உடம்புக்கு விஷம். எல்லாரும் அரளியைப் பார்த்தோம், நானும் அந்த இளநிக் கூட்டைக் கடந்துதான் போனேன். வீங்கின காலைப் பார்த்தவ இந்தப் பொண்ணு ஒருத்திதான்."

ஆஸ்பத்திரிக்கு மருதாயியைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனவள் சத்யாதான்.

மறுநாள் ஐயனார் கண் விழித்தார். ஒரு வாய் கஞ்சி கொடுக்கலாம் என்றார் டாக்டர். மருதாயி டம்ளரை வாங்கினாள். அதைச் சத்யாவிடம் நீட்டினாள்.

"நீயே கொடு ஆத்தா."