சர்க்கரைக்கு வரி பூஜ்யம்!

மேஜைக்கடியில் கிடந்த பிணத்தின் சட்டைப்பையில் போன் அடித்தது.

நன்க்யா வீலென்று அலறினாள்.

டாக்டர் ஒகெல்லோ! நெற்றியில் சின்ன ஓட்டை...

எதற்கு எவ்வளவு வரி போட்டால் கஜானா நிறையும், ஏழைக்கு வலி குறையும் என்று கம்ப்யூட்டரே கண்டுபிடிக்கிற புரோகிராம் அவர் எழுதியது. மதியம் பார்லிமெண்டில் பட்ஜெட். பாஸ்வேர்ட் தெரிந்த ஒரே ஆள் இனி அவருடைய உதவியாளர் நன்க்யாதான்.

குனிந்து போனை எடுத்தாள்.

"இன்ஸ்பெக்டர் அப்பியோ பேசறேன். உயிருக்கு ஆபத்துன்னு சார் போன் பண்ணாரு. கம்பாலா ரோட்ல ஜாம்... வந்துட்டே இருக்கேன்!"

"மேடம், அவரு..."

கதவு திறந்தது. போன் நழுவி ஃபைல்களுக்கு நடுவே விழுந்தது.

நிதியமைச்சரின் ஆலோசகர் பைருஹங்கா! 'நூறு மாட்டைத் தவிர எனக்கு ஒன்றுமில்லை' என்று மேடைக்கு மேடை முழங்குகிற உத்தமர். கையில் துப்பாக்கி.

"உக்காரும்மா. சர்க்கரைக்கு வரி பூஜ்யம்னு போடு. கிழவன் மாட்டேன்னான். சுட்டுட்டேன்."

நன்க்யா கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். தட்டினாள்.

"ஸெபோ... ஐயா, அந்தப் பணத்தை வேற எங்கயாவது எடுத்தாகணுமே. புரோகிராம் அதைச் சூதாட்டக் கடைங்க மேல ஏத்திடுச்சு."

"ஐயையோ! அதெல்லாமும் என்னுது. மச்சான் பேர்ல இருக்கு. பூஜ்யம் போடு!"

தட்டினாள்.

"இப்ப சிமெண்ட் மேல ஏறிடுச்சு, ஸெபோ..."

"அந்த ஃபேக்டரியும் என்னுதுதான்டி! மாமியார் பேர்ல! எடு அதை!"

தட்டினாள். திரை சிவந்தது.

"தீர்வு இல்லைங்குது. மிச்சம் இருக்கறது மக்காச்சோள மாவு ஒண்ணுதான். அதுக்கு வரியே கூடாதுன்னு சார் கட்டிப் போட்டிருக்காரு."

"அவுத்து விடு! ஜனங்க போஷோ களி தின்னா எனக்கென்ன, பட்டினி கிடந்தா எனக்கென்ன?"

ஒரே ஒரு பட்டன். அழுத்தினால் உயிர் பிழைக்கலாம்... அழுத்தினால் ஊரே அரைவயிறு.

விரலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"முடியாது, ஸெபோ!"

"அப்ப நீயும் ஒகெல்லோகிட்டயே போ!"

டுமீல்!

குண்டு கூரையில் பாய்ந்தது. பின்னால் வந்து பைருஹங்காவின் மணிக்கட்டை முறுக்கிக்கொண்டு நின்றாள் இன்ஸ்பெக்டர் அப்பியோ!

"யாருடி நீ? என்ன ஆதாரம் இருக்கு உன்கிட்ட?"

அப்பியோ ஃபைல்களை விலக்கிப் போனை எடுத்தாள். லைன் இன்னும் கட்டாகவில்லை!

"சர்க்கரை, மச்சான், மாமியார், கொலை... வழி நெடுக நீங்க பேசினது அத்தனையும் ரெக்கார்டாயிடுச்சு. உங்க சொத்தைத் தேடி நாங்க அலையாத அலைச்சல் இல்ல. கடைசியில நீங்களே ஒப்பிச்சிட்டீங்க!"

பைருஹங்கா நாற்காலியில் சரிந்தார்.

"போச்சு... எல்லாம் போச்சு..."

நன்க்யா திரையை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"கவலைப்படாதீங்க, ஸெபோ. மாட்டுக்கு வரி போடல!"