குரும்பகரத்துக்குக் கீழே ஒரு கடல்

காரைக்காலில் எது வேண்டுமானாலும் கிடைக்கும். கல் மட்டும் கிடைக்காது.

வயலைத் தோண்டினால் களிமண். கடற்கரையைத் தோண்டினால் மணல். ரோடு போடக் கொட்டிவைத்திருக்கும் ஜல்லிகூட வெளியூரிலிருந்து லாரி ஏறி வந்த விருந்தாளிதான். இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, கல்லாகிப் போன கடல் சிப்பியைக் கண்டெடுக்கப் போகிறேன் என்று ஒருத்தி ஒற்றைக்காலில் நின்றால் என்ன செய்வது?

அந்த ஒருத்தியின் பெயர் நௌஷின். ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். தருமபுரத்தில் வீடு.

ஆசையைக் கிளப்பிவிட்டவர் அவளுடைய வாப்பா ஷகீல். அவர் ஒமான் நாட்டில் வேலை பார்க்கிறார். வெள்ளிக்கிழமை விடுமுறை நாளில், தொழுகை முடிந்ததும் நண்பர்களோடு மலைப்பக்கம் போவார். அந்த மலை ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் கிடந்ததாம். பாறை முழுக்கச் சிப்பியும் சங்கும் கடல் நத்தையும். எல்லாமே கல்லாக மாறியவை. வாப்பா அவற்றைப் படம் எடுத்து உம்மாவின் போனுக்கு அனுப்புவார்.

"இதுக்குப் பேருதான் ஃபாசில். புதைபடிவம்னு உன் புத்தகத்துல போட்டிருக்கும் பாரு."

"ஒண்ணே ஒண்ணு எடுத்துட்டு வாங்க வாப்பா!"

"எடுக்கக் கூடாதும்மா. பார்க்கலாம், படம் புடிக்கலாம். அங்கேயே வெச்சுட்டு வந்துடணும்."

நௌஷின் அந்தப் படங்களை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்ப்பாள். தடவியும் பார்ப்பாள். விரலுக்குக் கண்ணாடிதான் தட்டுப்படும்.

"மொதல்ல ஒண்ணுமே தெரியாதும்மா, வெறும் கல்லுதான்" என்பார் வாப்பா. "உத்துப் பார்த்துக்கிட்டே நின்னா, திடீர்னு ஒரு வரி தெரியும். அப்ப நெஞ்சு அடிக்கும் பாரு!"

அப்படித் தன் நெஞ்சும் ஒருமுறை அடிக்க வேண்டும் என்று நௌஷின் ஏங்கினாள். வாப்பா ஊருக்கு வந்துபோய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. வாப்பாவும் வேண்டும், சிப்பியும் வேண்டும். இரண்டில் எந்த ஆசை பெரியது என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

காரைக்கால் கடற்கரையில் பொறுக்கிய சிப்பிகள் வீட்டில் ஒரு வாளி நிறைய இருந்தன. எது எந்தச் சிப்பி என்று கண்ணை மூடிக்கொண்டு தடவியே சொல்லிவிடுவாள். ஆனால் அவையெல்லாம் போன வாரத்துச் சிப்பிகள். அவளுக்கு வேண்டியது பழசு. ரொம்ப ரொம்பப் பழசு.

அந்த வெள்ளிக்கிழமை பள்ளியில் மதியச் சாப்பாட்டின்போது தமிழ்மொழி ஒரு செய்தி சொன்னாள். தமிழ்மொழி அவளுக்கு உயிர்த் தோழி. குரும்பகரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள்.

"எங்க வயல்ல புதுசா போர் போடுறாங்கடி. பழைய போர்ல உப்புத் தண்ணியா வருது. ஆத்துலயும் இன்னும் தண்ணி வரல. நாத்தெல்லாம் காயுது."

"ஆழமா தோண்டுவாங்களா?"

"நூறடிக்கு மேல போவுமாம். நல்ல தண்ணி வரலைன்னா, வயலை விட்டுட்டு நாங்க எல்லாரும் திருப்பூருக்குப் போயிடுவோம்னு அப்பா சொல்றாங்க. அங்க சித்தப்பா இருக்காங்க." தமிழ்மொழியின் குரல் இறங்கிவிட்டது. சோற்றைப் பிசைந்துகொண்டே, "விழிதியூர்ல எங்க அத்தை வீட்ல போர் போட்டப்ப அடியிலேர்ந்து சிப்பியெல்லாம் வந்துச்சு" என்றாள்.

நௌஷின் காதில் கடைசி வார்த்தை மட்டும்தான் ஏறியது.

"சிப்பியா? மண்ணுக்குள்ளேர்ந்தா? நாளைக்கு நானும் வர்றேன்டி!"

மறுநாள் காலையில் உம்மா ஆஸியா பீவி ஸ்கூட்டியை எடுக்கும்போது, மகளின் பையில் நீட்டிக்கொண்டிருந்த டீ வடிகட்டியைப் பார்த்துவிட்டார்.

"அதைத் தூக்கிட்டுப் போயிட்டா நான் டீய எதுலடி வடிக்கிறது? உன் ஸ்கூல் சாக்ஸுலயா?"

"சாயந்திரம் கழுவிக் கொடுத்துடுறேன் உம்மா!"

உம்மா திட்டிக்கொண்டேதான் குரும்பகரத்தில் கொண்டுபோய் விட்டார்.

வயலில் மூன்று கம்பங்களை முக்காலி மாதிரி நட்டிருந்தார்கள். நடுவில் நீளக் குழாய் தொங்கியது. நான்கு ஆட்கள் அதைத் திருகித் திருகி மண்ணுக்குள் இறக்கினார்கள். குழாய் வழியே தண்ணீரை உள்ளே அடிக்க, அடியிலிருக்கும் மண் சேறாகக் குபுகுபுவென்று மேலே வந்தது. போர் போடுகிற முத்தையன், குழியின் சுவர் சரியாமல் இருக்கச் சாணத்தைக் கரைத்து ஊற்றச் சொன்னார். சாண வாளி தமிழ்மொழியின் பொறுப்பு.

நௌஷின் சேறு வழியும் இடத்தில் குந்திக்கொண்டு வடிகட்டியை நீட்டினாள்.

"பாப்பா என்ன, சேத்துல டீ போடுதா?" என்றார் முத்தையன். ஆட்கள் சிரித்தார்கள்.

"சிப்பி தேடுறேன் தாத்தா."

முத்தையனின் சிரிப்பு சட்டென்று நின்றது. ஆனால் குழாயை அடுத்து இறக்க வேண்டியிருந்ததால் அவர் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்.

மஞ்சள் மண் வந்தது. பிறகு கருப்புக் களிமண். மக்கிய மரத்துண்டு ஒன்று வந்தது. சிப்பி வரவில்லை. கால் மரத்துப்போனது. முழங்கை வரைக்கும் சேறு.

கடைசியாகச் சாம்பல் நிறத்தில் ஒரு களி வந்தது. வடிகட்டியில் ஏதோ 'டக்' என்று விழுந்தது.

கையில் எடுத்துக் கழுவினாள். நகம் அளவுக்கு ஒரு வெள்ளைச் சிப்பி. முதுகில் வரிவரியாக மேடு. உள்பக்கம் இன்னும் லேசாகப் பளபளத்தது. எந்தக் காலத்துக் கடலோ! அந்தக் கடல் போன பிறகு இதை யாருமே பார்த்ததில்லை. நூறடிக்குக் கீழே இருட்டில் கிடந்து, இப்போது அவள் உள்ளங்கையில் வெயில் காய்கிறது.

நெஞ்சு படபடவென்று அடித்தது. நௌஷின் துள்ளிக் குதித்தாள்.

"சிப்பி! சிப்பி வந்துடுச்சு! மாமா, கடல் சிப்பி!"

யாரும் சிரிக்கவில்லை. குழாய் சுற்றுவது நின்றது. தமிழ்மொழியின் அப்பா ஜெயபிரகாஷ் அருகில் வந்து அந்தச் சிப்பியைப் பார்த்தார். அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

"கடல் சிப்பிதான் தம்பி" என்றார் முத்தையன் மெதுவாக. "இந்த மட்டத்துல தண்ணி உப்பாத்தான் இருக்கும். இன்னும் ரெண்டு பைப்பு இறக்கிப் பார்ப்போம். அப்பவும் சிப்பி வந்தா பைப்பை உருவிட வேண்டியதுதான்."

தமிழ்மொழி சாண வாளியைத் தொப்பென்று போட்டாள்.

"நேத்துலேர்ந்து சிப்பி சிப்பின்னுக்கிட்டே இருந்தேல்ல? வந்துடுச்சு. சந்தோஷமா?"

உப்பு. திருப்பூர். நேற்று காதில் ஏறாத வார்த்தைகளெல்லாம் இப்போது மொத்தமாக வந்து ஏறின. நௌஷினுக்கு அழுகை முட்டியது. தன்னை நினைத்தே வெட்கமாகவும் இருந்தது. ஏனென்றால், சிப்பி கிடைத்த சந்தோஷம் இன்னும் அவளை விட்டுப் போகவில்லை.

அவள் மறுபடியும் போய்க் குந்தினாள். வடிகட்டியை நீட்டினாள். இந்தத் தடவை அவள் வேண்டிக்கொண்டதே வேறு. 'எதுவும் வரக் கூடாது. ஒண்ணுகூட வரக் கூடாது.'

ஆனால் வந்தன. கேட்டபோது வராதவை, வேண்டாம் என்றதும் வரிசையாக வந்தன. குட்டிச் சங்கு வந்தது. வாப்பா அனுப்பிய படத்தில் இருந்த மாதிரியே கூம்பாகச் சுருண்ட ஒரு கடல் நத்தை வந்தது. எத்தனை இரவு அதை நினைத்துக்கொண்டே தூங்கியிருக்கிறாள்! இப்போது அவள் கூப்பாடு போடவில்லை. ஒவ்வொன்றையும் கழுவி, வந்த வரிசையிலேயே ஒரு வாழை இலையில் வைத்தாள். சும்மா விட்டுவிடவும் மனசு வரவில்லை.

முத்தையன் சேற்றைக் கையில் அள்ளிப் பார்த்தார்.

"இன்னும் சிப்பி ஓட்டுத்துண்டாத்தான் வருது தம்பி. போதும், உருவிடலாம்."

ஜெயபிரகாஷ் தலையாட்டினார். ஆட்கள் குழாயை மேலே இழுக்கச் சங்கிலியை மாட்டினார்கள்.

நௌஷின் கடைசியாக வடிகட்டியில் விழுந்ததைக் கழுவிக்கொண்டிருந்தாள். விரலில் ஏதோ வித்தியாசம் தெரிந்தது. இது மொழுமொழுவென்று இருந்தது. வரி இல்லை. ஓடு மெல்லிசு. லேசாக அழுத்தியதும் நொறுங்கியது. இன்னொன்றை எடுத்தாள். அதுவும் அப்படியே. உருண்டையாக, பழுப்பாக இருந்தது. இலையில் இருந்த வரிசையை முதலிலிருந்து பார்த்தாள். கடைசியாக வந்த நான்கும் வேறு ஜாதி நத்தை.

"இழுக்காதீங்க தாத்தா! கொஞ்சம் இருங்க!"

"என்ன பாப்பா?"

"எனக்கு ஒரு வயல் நத்தை வேணும்."

முத்தையன் தலையில் கைவைத்துக்கொண்டார். தமிழ்மொழி மட்டும் நௌஷினின் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தாள். கோபம் தீரவில்லை. இருந்தாலும் ஒன்றும் கேட்காமல் ஆற்று வாய்க்கால் பக்கம் ஓடினாள். ஈர மண்ணில் துழாவி, உயிருள்ள நத்தை ஒன்றைப் பிடித்து வந்து நீட்டினாள்.

அதையும் சேற்றில் வந்த நத்தையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். அதே உருண்டை. அதே சுருள்.

"மாமா, மொதல்ல வந்ததெல்லாம் கடல்ல இருக்கிறது. எங்க வீட்ல வாளி நிறைய இருக்கு, எனக்குத் தெரியும். ஆனா இப்ப வர்றது வயல் நத்தை மாதிரி இருக்கு. இது உப்புல இருக்குமா?"

ஜெயபிரகாஷ் எழுந்து வந்தார். குனிந்து பார்த்தார்.

"இருக்காதும்மா. பழைய போர்ல உப்பு ஏறுனப்ப, அந்தத் தண்ணி ஓடுன வாய்க்கால்ல ஒரு நத்தைகூட மிஞ்சல."

"அப்ப கடலுக்கும் கீழ ஒரு ஆறோ குளமோ இருந்திருக்கும்ல?"

முத்தையன் இரண்டு நத்தைகளையும் உள்ளங்கையில் உருட்டினார். "ஓடு வந்தா பைப்பை உருவிடுறதுதான் எங்க வழக்கம். எந்த ஓடுன்னு குனிஞ்சு பார்த்ததில்ல" என்றார். பிறகு ஆட்களைப் பார்த்து, "சங்கிலியக் கழட்டுங்கப்பா. இன்னொரு பைப்பு கொண்டாங்க" என்று குரல் கொடுத்தார்.

அந்தக் குழாய் முழுக்க இறங்கியபோது, களி நின்று மணல் வந்தது. ஆற்று மணல் போல, பருமனாக, மினுமினுவென்று.

மேலே உப்பு இருக்கும் மட்டத்தில் குழாயைச் சுற்றிக் களிமண் போட்டு அடைத்துவிட்டு மோட்டாரை மாட்டினார்கள். முதலில் சேறு வந்தது. அப்புறம் கலங்கல். வெயில் சாயும் நேரத்தில் தண்ணீர் தெளிந்தது.

ஜெயபிரகாஷ் கையில் ஏந்தி ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். மறுபடியும் குடித்தார். எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

"தமிழு, நீ குடிச்சுப் பாரும்மா" என்றார்.

தமிழ்மொழி குடித்தாள். இரண்டு கை நிறைய ஏந்திக்கொண்டு நௌஷினிடம் ஓடிவந்தாள். பாதி வழியில் சிந்திவிட்டது.

"நல்ல தண்ணிடி! நாங்க எங்கயும் போவல!" என்றாள். மிச்சத்தை நௌஷின் வாயில் ஊற்றினாள். கொஞ்சம் மூக்கிலும் போனது. இருவரும் இருமிக்கொண்டே சிரித்தார்கள்.

அழைத்துப்போக வந்த உம்மா வடிகட்டியைப் பார்த்துவிட்டு, "இதுல இனிமே டீயா!" என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு வாப்பாவுக்கு வீடியோ கால் போட்டுக் கொடுத்தார். வாப்பா அப்போதுதான் வேலை முடிந்து அறைக்கு வந்திருந்தார்.

நௌஷின் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். வாழை இலையைக் காட்டினாள். "கல்லா மாறலையே வாப்பா, பரவாயில்லையா?"

"மண்ணுக்குள்ள அத்தனை காலம் கிடந்திருக்கு. இதுவும் புதைபடிவம்தாம்மா. நான்கூட இப்படி ஒண்ணு கண்டெடுத்ததில்ல." வாப்பா ஒவ்வொன்றாகப் பார்த்து ரசித்தார். பிறகு திடீரென்று, "அது என்னம்மா சத்தம்?" என்று கேட்டார்.

"தண்ணி வாப்பா. நாத்தங்காலுக்குப் போவுது."

"அதைக் கொஞ்சம் காட்டேன்."

நௌஷின் போனைத் திருப்பினாள். வாய்க்காலில் தண்ணீர் புல்லைத் தள்ளிக்கொண்டு ஓடி, காய்ந்துகிடந்த நாற்றுகளின் காலை நனைத்துக்கொண்டிருந்தது.

"வாப்பா, இருக்கீங்களா?"

"இருக்கேம்மா. அப்படியே இன்னும் கொஞ்ச நேரம் காட்டு."

கை வலித்தது. நௌஷின் போனை இறக்கவில்லை. அதைப் பார்த்த தமிழ்மொழி பக்கத்தில் வந்து நின்று, போனின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டாள்.