வீல் அக்கா

திரையில் இருந்தவள் வாயை மூடிவிட்டாள். அலறல் மட்டும் ஒரு கணம் மிஞ்சி நின்றது. பிறர் உதடுகளுக்குத் தன் குரலை அளந்து வார்ப்பதையே தொழிலாகக் கொண்ட அக்காவுக்கு அப்படியொரு பிசகு அதுவரை நேர்ந்ததில்லை.

ஒலிப்பதிவுக் கூடத்தில் அவளுக்கு ‘வீல் அக்கா’ என்றே பெயர். பேய்ப்பட வசனத்தாளில் ஆண்களுக்குப் பக்கம் பக்கமாகப் பேச்சிருக்கும். ஐயுறுவார்கள், துப்பறிவார்கள், காப்பாற்றுவார்கள். பெண்ணுக்கு நேரே ‘வீல்’ என்ற ஒற்றைச் சொல். செத்துப் பேயானால் சிரிப்பு. அவ்வளவே அவளுக்கு வாய்த்த மொழி.

காலையில்தான் இயக்குநரிடம் கேட்டிருந்தாள்.

"ஏன் சார், கதவுகிட்டயேதான நிக்கறா இந்தப் பொண்ணு? ஒரு தடவை கைப்பிடியத் திருப்பிப் பாக்க மாட்டாளா?"

"பாத்துட்டா படம் அங்கேயே முடிஞ்சிடுமேக்கா!"

"அப்ப அந்த ஹீரோவாச்சும் கத்தட்டுமே."

"ஆம்பளை கத்தினா ஜனங்க சிரிப்பாங்க. நீங்க கத்துங்க, பயப்படுவாங்க."

ஒலிப்பொறியாளத் தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். பிழைப்பு ஆயிற்றே, அக்காவும் சிரித்து வைத்தாள்.

இப்போது அவள் நின்றிருந்த அறையில், பஞ்சு போர்த்திய சுவர்கள் ஒவ்வொரு ஓசையையும் பிறந்த இடத்திலேயே விழுங்கிவிட, நனைந்து உலர்ந்த கம்பளத்தின் பூஞ்சை வாடையும், எத்தனையோ பேரின் மூச்சு படிந்த மைக்கின் துரு வாடையும் கலந்து நெஞ்சை அடைக்க, அவளுடைய சுவாசமே வேறு யாரோ அருகில் நின்று மூச்சு விடுவதுபோல் அவள் செவியில் ஊர்ந்துகொண்டிருந்தது.

"தம்பி, இந்த சீனை மாத்தினீங்களா?"

"இல்லையேக்கா. அதேதான். போலாமா?"

காட்சி மறுபடி ஓடியது. இம்முறை திரைப்பெண் தன்னை நெருங்கிவந்த நிழலைப் பார்க்கவில்லை. திரும்பி, நேராக அக்காவைப் பார்த்தாள். ஈரக்கூந்தலின் நடுவே அந்த விழிகளில் அச்சத்தின் சுவடே இல்லை. நெடுநாள் காத்திருந்த ஒருத்தியின் பொறுமை இருந்தது. அவள் அலறவும் இல்லை. கதவருகே நிதானமாக நடந்தாள். கைப்பிடியைத் திருப்பினாள். வெளியேறினாள்.

திரையில் வெற்றறை.

அறைவிளக்கு அணைந்தது. அக்கா தடவித் தடவிக் கதவை அடைந்தாள். கைப்பிடி அசையவில்லை. இரு கைகளாலும் திருகினாள். அசையவில்லை.

"தம்பி, கதவத் தொறங்க! மூச்சு முட்டுது!"

ஹெட்போனில் இயக்குநரின் குரல் குதூகலித்தது. "அபாரம்க்கா! ஆனா வசனம் வேணாம். வெறும் வீல் போதும்."

"நடிக்கல சார்! நெசமாவே..."

"அடடா, அந்த நடுக்கம்! அப்படியே பிடிச்சுக்கோங்க."

பதிவறையைப் பிரித்த கண்ணாடித் தடுப்பை அறைந்தாள். அப்பால் இயக்குநரோடு இருந்த தம்பி நிமிர்ந்து பார்த்தான். கட்டை விரலை உயர்த்திக் காட்டினான்.

கத்தினால் நம்பமாட்டார்கள். அக்கா மூச்சை அடக்கினாள். மெல்லப் பேச வேண்டும். தெளிவாக. கதவு பூட்டிக்கொண்டது, அவ்வளவுதான். வாய் திறந்தாள்.

வீல்.

திடுக்கிட்டு நிறுத்தினாள். மீண்டும் முயன்றாள். தம்பியை அழைத்தாள். வீல். தான் பெற்ற மகளின் பெயரைச் சொன்னாள். வீல். உள்ளத்தில் சொற்கள் முழுமையாகவே இருந்தன. தொண்டையைக் கடந்தவை எல்லாம் ஒன்றே.

கண்ணாடிக்கு அப்பால் கதவு திறந்தது. ஈரக்கூந்தல் சொட்டச் சொட்ட ஒருத்தி உள்ளே வந்தாள். இரு ஆண்களும் திரும்பவில்லை. அவர்கள் நடுவே கிடந்த நாற்காலியில் அமர்ந்து, இயக்குநர் பேசும் மைக்கின் பக்கம் குனிந்தாள். அந்த உதடுகள் அசைந்தன. ஹெட்போனில் கேட்டது அக்காவின் குரல். பதற்றமற்ற, கனிவான, அவளது சொந்தக் குரல்.

"நல்லா இருந்துச்சுக்கா. இன்னொரு தடவ போயிடலாம்."

தம்பி தலையசைத்தான். சிவப்பு விளக்கு எரிந்தது.

திரையில் இருந்த வெற்றறைக்குப் பஞ்சுச் சுவர்கள் முளைத்திருந்தன. நடுவே ஒரு மைக். கதவோடு ஒட்டியபடி ஒரு பெண்.

அக்கா வாயை இறுக மூடிக்கொண்டாள்.

அலறல் நிற்கவில்லை.