மணி அடித்தால் திறந்ததா?

காலை பத்தரை. பீரோவின் எச்சரிக்கை மணி அலறியது.

தபால் ஆபீசுக்குப் போயிருந்த குமாஸ்தா அப்போதுதான் அலுவலக அறைக்குள் காலெடுத்து வைத்தார். வகுப்பறையிலிருந்து வாத்தியாரும் வாசலிலிருந்து காவலாளியும் ஓடி வந்தபோது, பீரோ அருகே நின்றது அவர் ஒருவர்தான். திறந்து பார்த்தார்கள். மறுநாள் அங்கே நடக்கவிருந்த நுழைவுத் தேர்வின் வினாத்தாள் கட்டைக் காணோம்.

பதினொன்றுக்கு இன்ஸ்பெக்டர் அம்மா ஒரு கான்ஸ்டபிளோடு வந்தார்.

"இதுல யோசிக்க என்ன மேடம் இருக்கு?" என்றார் வாத்தியார். அந்தப் பயிற்சி மையத்தில் இருபது வருஷமாகத் தர்க்கக் கேள்விகள் நடத்துபவர். "பீரோவைத் திறந்தா மணி அடிக்கும். மணி அடிச்சது. அப்போ, அந்த நிமிஷம்தான் திறந்திருக்கு. அப்போ இங்க நின்னவன் இவன்."

குமாஸ்தா அதை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். சார் சொல்வது சரியாகத்தானே இருக்கிறது! வேலை போகும். ஜெயில். வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள்.

"பீரோ சாவி?" என்று குமாஸ்தாவிடம் கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"ஆணியில தொங்கும் மேடம். யார் வேணும்னாலும் எடுக்கலாம்."

"எப்போ வெளியே போனீங்க?"

"பத்துக்கு. உள்ள சார் மட்டும் இருந்தார்."

இன்ஸ்பெக்டர் சுவரில் ஓடிக்கொண்டிருந்த மின்சாரக் கடிகாரத்தைப் பார்த்தார். பத்தரை. கைக்கடிகாரத்தில் பதினொன்று.

"மெயின் சுவிட்ச் எங்க?"

"சாரோட வகுப்பறையில."

பீரோவைப் பூட்டிவிட்டுப் போனார். மெயினை அணைத்தார், போட்டார். மணி அலறியது.

"பூட்டின பீரோதான், ஆனாலும் அடிக்குது," என்றார் வாத்தியாரிடம் திரும்பி வந்து. "திறந்தா அடிக்கும், சரி. அடிச்சாலே திறந்ததுன்னு ஆயிடுமா? கரண்ட் திரும்பி வந்தாலும் அடிக்குதே! கடிகாரம் அரை மணி நேரம் நின்னிருக்கு. அந்த அரை மணி நேரம் மணியும் ஊமை. கட்டு போனது அப்போதான். இவர் உள்ளே நுழையறதைப் பார்த்துட்டு மெயினைப் போட்டிருக்கீங்க. இந்தத் தப்பைச் செஞ்ச பிள்ளைங்களுக்கெல்லாம் சிவப்பு மையில சுழிச்சவர் நீங்க. அது உங்க வாயில தெரியாமலா வரும்?"

கான்ஸ்டபிள் வாத்தியாரின் பையைக் கவிழ்த்தார். கட்டு விழுந்தது.

"என் பொண்ணு நாளைக்கு இந்தத் தேர்வு எழுதறா," என்றார் வாத்தியார், தரையைப் பார்த்து. "இது அவளுக்குக் கடைசி வாய்ப்பு."

குமாஸ்தா அவர் முன்னால் வந்து நின்றார். "அதுக்கு நான்தான் கிடைச்சேனா சார்? உங்ககிட்ட படிச்சவன் சார் நான்."

"அதனாலதான்டா. மூணு வருஷம் உட்கார்ந்தும் இந்த ஒரு கேள்வி மட்டும் உனக்கு ஏறவே இல்லையே."