போயிட்டு வரேன்

நாலு மணிக்கு வந்த வீடியோ காலில், பரந்தாமனுக்குப் பின்னால் இருந்த ஜன்னல் இடம் மாறியிருந்தது.

பதினோரு நாளாக அது அவன் இடது தோளுக்குப் பின்னால்தான் தெரிந்தது. சாம்பல் நிறத் திரை, அதற்கப்பால் ஏதோ ஒரு தேவாலயக் கோபுரத்தின் நுனி. இன்றைக்கு அதே திரையும் அதே நுனியும் வலது தோளுக்குப் பின்னால் இருந்தன. செல்போன் சில நேரம் கண்ணாடி மாதிரி திருப்பிக் காட்டும் என்று ஹேமாவதி தன்னைத் தேற்றிக்கொண்டாள். ஆனால் அவன் டி-ஷர்ட்டில் இருந்த கம்பெனிப் பெயர் நேராகத்தான் தெரிந்தது.

"சாப்டீங்களா?"

"ஆச்சு," என்றான்.

ஆறு மாத வேலையாக ஜெர்மனி போன மனுஷன், வாரக் கடைசியில் அறையில் முடங்கிக் கிடந்திருக்கலாம். கிடக்கவில்லை. "ரெண்டே நாளு ஹேமா. பக்கத்து நாட்டுல பிராக் போய் அந்தப் பாலத்துல நின்னு ஒரு போட்டோ எட்த்துகினு வந்துர்றேன்," என்று கிளம்பினான். ஞாயிற்றுக்கிழமை ரயில்களை நிறுத்தி எல்லையை மூடிவிட்டார்கள். ஓட்டலில் யாரும் அறையை விட்டு வரக்கூடாது, சாப்பாடு கதவுக்கு வெளியே வரும் என்று சொல்லிவிட்டார்கள். முந்தாநாள் இங்கேயும் ஊரடங்கு வந்தது. பாரிவாக்கத்தில் அவர்கள் இருக்கும் அடுக்குமாடியின் பன்னிரண்டு வீடுகளில் ஒன்பது பூட்டிக் கிடந்தன. எல்லோரும் அவரவர் சொந்த ஊருக்கு ஓடிவிட்டார்கள். பூந்தமல்லி ரோட்டில் ஹாரன் சத்தம் செத்துப்போய், எதிர்வீட்டு பாத்ரூமில் குழாய் சொட்டுவது அவள் கூடம் வரை கேட்டது.

இதெல்லாம்கூட அவளுக்குப் பெரிய பயமில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் சொன்ன ஒரு வார்த்தைதான் பயம்.

பக்கத்து அறையில் ஒரு வயதான தம்பதி தங்கியிருந்தார்கள். முதல் நாள் காலை, சாப்பாட்டு மேஜையில் பரந்தாமன் அந்தப் பெரியவருக்கு மனைவியின் போட்டோவைக் காட்டிப் பெயரையும் சொல்லியிருக்கிறான். அவர் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு ஹே-மா-வ-தி என்று நாலைந்து தரம் சொல்லிப் பழகினாராம். மறுநாள் மத்தியானம் மாரடைப்பில் போய்விட்டார். எடுத்துப்போக வண்டி வரத் தாமதமாயிற்று. நம் ஊர்க்காரனுக்குப் பக்கத்தில் சாவு விழுந்தால் சும்மா இருக்க முடியுமா? மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு துக்கம் கேட்கப் போனான். ஹேமாவதி போனில்தான் இருந்தாள். கொஞ்ச நேரம் அந்தக் கிழவியின் அழுகை கேட்டது. அப்புறம் அவன் பழக்க தோஷத்தில், தெளிவான தமிழில், "போயிட்டு வரேங்க," என்றான்.

"சாவு ஊட்ல அப்டி சொல்லுவாங்களாங்க? சொல்லிக்காம இல்ல வரணும்," என்று பதறினாள்.

"அவருக்கு இன்னா தமிளா தெரியும், ஹேமா?" என்று சிரித்தான்.

கிழவியை அவள் மகள் வந்து அழைத்துப்போனாள். அறையைப் பூட்டினார்கள். மூன்றாம் நாள் பகல் பன்னிரண்டரைக்குச் சுவரில் மூன்று தட்டு. மறுநாளும் அதே நேரம், மூன்று தட்டு. புகார் சொன்னதும் ஓட்டல் பெண் ஒருத்தி வந்து அந்த அறையைத் திறந்து காட்டினாள். உள்ளே யாருமில்லை. இரண்டு நாற்காலிகள் எதிரெதிராகப் போட்டிருந்தன, அவ்வளவுதான்.

அதற்கப்புறம் அவன் பேச்சில் சிரிப்பு நின்றுபோனது. நேற்று, "சொன்ன மாரி அந்த ரூமுக்கு ஒரு தபா போயிட்டு வந்துட்டா வுட்ருவாரு போல கீது," என்றான்.

அங்கே ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தக் கடல் தாண்ட வேண்டும். அவளால் தெருவைக்கூடத் தாண்ட முடியாது. "போ மாட்டேன்னு என் மேல சத்தியம் பண்ணுங்க," என்று அழுதாள். பண்ணினான்.

இப்போது அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டு கேட்டாள். "ரூம் மாத்திட்டாங்களா?"

"இல்லையே. அதே ரூம்தான், ஹேமாவதி."

கல்யாணமாகி ஏழு வருஷத்தில் அவன் அவளை முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

அவள் போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். பரந்தாமனின் பல், பரந்தாமனின் மீசை, இடது புருவத்தில் பரந்தாமனின் தழும்பு. திரையின் ஓரத்தில் அவனுக்கு எதிரே ஒரு நாற்காலியின் முதுகு தெரிந்தது. காலி நாற்காலி.

டொக். டொக். டொக்.

அவன் பின்னால் இருந்த சுவரிலிருந்து வந்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

சுவருக்கு அந்தப்பக்கம் ஒரு குரல். மெல்லிய குரல். அவளுக்குத் தெரிந்த குரல்.

"ஹேமா... உன் கொரலு பக்கத்து ரூம்ல கேக்குது. யார்கூட பேசினுகீறே? என் போனக் காணோம்."

எப்படியோ, "ஏங்க," என்றாள்.

"சொல்லு, ஹேமாவதி," என்றது திரையில் இருந்த முகம்.

"கதவு தொறக்க மாட்டேங்குது, ஹேமா," என்றது சுவர்.

முகம் எழுந்தது. டி-ஷர்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டது. "ஊருக்கு ஃப்ளைட்டு விடப்போறாங்களாம். பேர் கொடுத்தாச்சு," என்றது. பிறகு, யாரோ செய்வதைப் பார்த்துக் கற்றுக்கொண்டது போல, இரண்டு கைகளையும் கூப்பித் தலையைச் சாய்த்தது.

"வரேன், ஹேமாவதி."

போனை மேஜையில் சாய்த்து வைத்துவிட்டுப் போனது. கதவு சாத்தும் சத்தம். பூட்டும் சத்தம். திரையில் எதிரெதிராக இரண்டு காலி நாற்காலிகள்.

டொக். டொக். டொக்.

"ஹேமா, கீறியா?"

"கீறேங்க. இங்கதான் கீறேன்."

அவனுக்கு அது கேட்டதாகத் தெரியவில்லை. ஓட்டலுக்குப் பேச வேண்டுமென்றால் இந்த வீடியோ காலைத் துண்டிக்க வேண்டும். துண்டித்தால் அந்த போனை எடுக்க அங்கே யாருமில்லை. குரலும் போய்விடும். சார்ஜரைச் செருகிவிட்டு, பிளக்கின் கீழேயே தரையில் உட்கார்ந்தாள். கண் தன்னால் வாசற்கதவுக்குப் போனது. தாழ்ப்பாள் போட்டுத்தான் இருந்தது. காதில் மறுபடி மூன்று தட்டு, முன்னைவிட மெதுவாக.

"ஹேமா, கீறியா?" என்று அவன் கேட்டுக்கொண்டே இருந்தான்.