எஸ்தர் லிப்மனின் செபப் புத்தகம்

திங்கட்கிழமை மாலை வேரோனிக்கா சப்பாத்தைக் கழற்றாமலே தியாகலிங்கத்தின் வீட்டுக்குள் வந்தாள். விஷயம் பெரியது என்று அவருக்கு அதிலேயே விளங்கிவிட்டது.

தியாகலிங்கம் ஒரு காப்புறுதிக் கம்பனியில், விபத்துக்காரர்களின் கழுத்து வலி உண்மையா பொய்யா என்று விசாரித்து ஓய்வு பெற்றவர். கனடாவில் அவர் குடியிருக்கும் அஜின்கோர்ட்டில் அவரைக் கண்டால், கழுத்தைத் தடவிக்கொண்டிருப்பவர்கள் இன்றைக்கும் கையைக் கீழே இறக்கிவிடுவார்கள். பக்கத்துக் கதிரையில் கஸ்பர் இருந்தார். வாடகைக் கார் ஓட்டுபவர், வேரோனிக்காவின் தாய்மாமன், தியாகலிங்கத்தின் விசாரணைகளுக்கு யாரும் கேட்காத உதவியாளர்.

"அங்கிள், எங்கடை ஆவணக் காப்பகத்திலை ஒரு புத்தகம் காணாமல் போட்டுது. நான் எடுத்தனெண்டு நினைக்கினம்."

"எடுத்தனியோ?" என்றார் கஸ்பர்.

"மாமா!"

"விசாரணையிலை சொந்தம் பாக்கேலாது, பிள்ளை."

வேரோனிக்கா வேலை செய்வது நகரின் வடக்கில் உள்ள ஒரு யூத ஆவணக் காப்பகத்தில். யூதப் படுகொலையில் தப்பியவர்களின் பொருட்களும், அகதிகளைக் கனடாவுக்குக் கூப்பிட்ட உதவிச் சங்கங்களின் கோப்புகளும் அங்கே இருக்கின்றன. காணாமல் போனது எஸ்தர் லிப்மன் என்ற மூதாட்டியின் புத்தகம். உள்ளங்கை அளவான செபப் புத்தகம். படுகொலைக் காலத்தில் அவருடைய அப்பாவை இழுத்துக்கொண்டு போன அன்று, சிறுமியாக இருந்த எஸ்தரின் கோட்டுப் பைக்குள் அப்பா திணித்துவிட்டுப் போனது. போர் முடிந்து, அநாதைப் பிள்ளைகளோடு கப்பலேறி வந்தபோதும் அந்தக் கோட்டுப் பையில்தான் இருந்தது. கண்காட்சிக்காகவும் பாதுகாப்புக்காகவும் காப்பகத்திடம் ஒப்படைத்திருந்தார்.

"புத்தகத்தின்ரை முதுகு கிழிஞ்சு கிடந்தது. போன புதன் பின்னேரம்தான் மெல்லிய ஜப்பான் தாளாலை ஒட்டி முடிச்சு, பெட்டிக்குள்ளை வைச்சு, நிலவறையிலை பூட்டினனான். இண்டைக்குத் திறந்தால் பெட்டி வெறுமை."

"பூட்டுத் திறப்பு ஆரிட்டை?"

"என்னட்டையும் இயக்குநர் டேவிட் கிளைனிட்டையும். அவர் புதன் முழுக்க ஒட்டாவாவிலை. ஒட்டின வேலையை அவருக்குக் காட்டக்கூட இல்லை."

"வேறை ஏதும் போச்சுதோ?"

"அலுமாரியிலை அதே தட்டிலை வெள்ளிக் கிண்ணம் இருக்கு. தொடேல்லை. பெட்டியிலை நாடா கட்டியிருந்தது. ஆனால் முடிச்சு மேலை இருந்தது, அங்கிள். நாங்கள் மேலை போடுறேல்லை. மேலை மேலை பெட்டி அடுக்கேக்கை அமத்தும். பக்கவாட்டிலைதான் போடுவம். அதோடை, ஒரு சாமானை எடுத்தால் அந்த இடத்திலை ஒரு பிங்க் அட்டை வைக்கவேணும். ஆர் எடுத்தது, எங்கை இருக்கு, எப்ப திரும்பும் எண்டு. அதுவும் இல்லை."

கிளைன் அன்று மதியம் எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். 'நாம் ஒரு குடும்பம்' என்று தொடங்கியது. அலுவலகத்தில் வேலை செய்த எவருக்கும் அதற்கு மேல் வாசிக்கத் தேவையில்லை. புதன்கிழமை எஸ்தர் புத்தகத்தைப் பார்க்க வருகிறார். அதற்குள் அது கிடைக்காவிட்டால் பொலிஸுக்கு அறிவித்து, வேரோனிக்காவை இடைநிறுத்துவதாக முடிவு.

"வேலை போனால் வேறை வேலை," என்றாள். "அந்த மனிசியின்ரை முகத்தைப் பாத்து என்னெண்டு சொல்லுறது? தகப்பன்ரை எண்டு அவவிட்டை வேறை ஒண்டும் இல்லை. ஒரு படம்கூட இல்லை."

கஸ்பர் பகிடி விடவில்லை. அவருடைய தம்பி மரியோ 2009இல் வன்னியில் காணாமல் போனவன். அவர்கள் குடும்பத்தில் 'ஒரு படம்கூட இல்லை' என்பது சாதாரண வசனம் அல்ல.

"வியாழன் வெள்ளி என்ன நடந்தது?" என்றார் தியாகலிங்கம்.

"வெள்ளி காப்பகம் லீவு. வியாழன் மத்தியானம் நன்கொடைக்காரருக்கு வாசிப்பறையிலை சாப்பாடு. என்னைக் கூப்பிடேல்லை. பின்னேரம் இரத்தினவேல் அங்கிள் வந்து துப்பரவாக்கினவர்."

"தமிழனோ?" கஸ்பர் நிமிர்ந்தார். "அப்ப அவன்தான்."

"ஏன்?"

"எங்கடை ஆக்களை எனக்குத் தெரியும், அண்ணை."

"அவரிட்டைத் திறப்பு இல்லை, மாமா. அதாலை ஒருத்தரும் அவரை ஒண்டும் கேக்கேல்லை."

செவ்வாய்க்கிழமை காலை தியாகலிங்கமும் கஸ்பரும் காப்பகத்துக்குப் போனார்கள். கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு யூதச் செபக்கூடம், மேலே காப்பகம், அடியில் காப்பகத்தின் நிலவறை. வாசலில் நீல நிறத்தில் ஒரு பெரிய தொட்டி இருந்தது. கஸ்பர் குடித்து முடித்த கோப்பிக் கப்பை அதற்குள் போட்டார். உள்ளேயிருந்து ஒரு தாடிக்காரர் ஓடிவந்தார்.

"அது குப்பைத் தொட்டி இல்லை, ஐயா," என்றார் ஆங்கிலத்தில். அழுகிறவர் போல இருந்தது குரல். "கடவுளின் பெயர் எழுதிய பழைய புத்தகங்களுக்கு. அவற்றை நாங்கள் எறிவதில்லை. மனிதரைப் போல மயானத்தில் புதைப்போம். நல்ல வேளை, ஞாயிற்றுக்கிழமைதான் எல்லாவற்றையும் கொண்டுபோய்ப் புதைத்தோம்."

கஸ்பர் இடுப்பு வரை தொட்டிக்குள் குனிந்து, வெறுமையாகக் கிடந்த அடியிலிருந்து கப்பை எடுத்தார். மன்னிப்புக் கேட்டார். படியேறும்போது, "எங்கடை வீட்டிலை குருத்தோலையையே எறிய விடாயினம். சாம்பல் புதனுக்குக் கோயிலிலை குடுத்து எரிப்பிக்கவேணும்," என்றார். "இது தெரியாமல் போச்சு."

தியாகலிங்கம் நின்று தொட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

வாசிப்பறைச் சுவரில் விதிகள் ஒட்டியிருந்தன. பேனை கூடாது, பென்சில் மட்டும். தண்ணீர் கூடாது. சுவிங்கம் கூடாது. நன்கொடைக்காரர் வந்தால் புகையூட்டிய சால்மன் மீன் கூடும் என்பது எழுதப்படாத விதி.

டேவிட் கிளைன் நல்ல உடுப்புப் போட்ட, நல்ல மணமுள்ள மனிதர். வேரோனிக்காவின் ஆட்கள் விசாரிக்க வந்ததைப் பெருந்தன்மையோடு பொறுத்துக்கொண்டார்.

"கோடைகாலத்துக்குப் பிறகு நான் அந்தப் பெட்டியைத் தொட்டதே இல்லை," என்றார். "எனக்கு இது இரட்டை வேதனை. அந்த முதுகைப் பார்த்தால் தெரியும், வேரோனிக்கா எவ்வளவு திறமைசாலி என்று. தோல் அட்டையின் நிறத்துக்கே தாளுக்குச் சாயம் போட்டு, ஒட்டிய இடமே தெரியாமல். அப்படிப்பட்ட ஒருவர் மேல் சந்தேகப்படுவது சுலபமா?"

"சுலபமில்லைத்தான்," என்றார் தியாகலிங்கம். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

காரில் கஸ்பருக்குப் பொறுக்கவில்லை. "உவ்வளவுதானோ? கழுத்து நோகுதோ எண்டாவது கேட்டிருக்கலாம்."

"பின்னேரம் இரத்தினவேலைக் காணவேணும்."

"பாத்தியளோ, நான் அப்பவே சொன்னன்."

"நீ சொன்னது பாதி சரி. அதுதான் கவலை."

இரத்தினவேலின் வீடு டோர்செட் பார்க்கில், மாடிக் கட்டடம் ஒன்றில் இருந்தது. கஸ்பர் கதவை மறைத்துக்கொண்டு நின்றார், சந்தேக நபர் யன்னலால் குதிப்பார் என்ற எதிர்பார்ப்பில். பதினோராம் மாடி. இரத்தினவேல் தேத்தண்ணி ஊற்றினார். தியாகலிங்கம் கேட்டது ஒரே கேள்வி. அதற்குக் கிடைத்த பதிலைக் கேட்டபின் யாரும் தேத்தண்ணியைக் குடிக்கவில்லை.

புதன்கிழமை காலை வாசிப்பறையில் ஐந்து பேர் இருந்தார்கள். கிளைன் மேசைத் தலைப்பில் இருந்தார். வேரோனிக்கா கையை மடியில் வைத்திருந்தாள். கஸ்பர் கதவோரம் நின்றார். இரத்தினவேல், இருக்கச் சொல்லியும் நின்றுகொண்டிருந்தார். எஸ்தர் லிப்மன், சின்னஞ்சிறிய உருவம், கோட்டைக் கழற்றாமல் இருந்தார். கடைசியாக வந்த தியாகலிங்கம் வெறும் பெட்டியை மேசை நடுவில் வைத்தார்.

"நிலவறையிலிருந்து ஒன்றும் களவு போகவில்லை," என்று ஆங்கிலத்தில் தொடங்கினார். "கள்வனென்றால் வெள்ளிக் கிண்ணத்தை விட்டுப் போகமாட்டான். போனாலும் நாடாவைத் திரும்பக் கட்டிக்கொண்டு நிற்கமாட்டான். திறப்பு உள்ள ஒருவர், திரும்பக் கொண்டுவந்து வைக்கிற எண்ணத்தோடு எடுத்திருக்கிறார். முடிச்சை மேலே போட்டிருக்கிறார். பெட்டிகளோடு தினமும் வேலை செய்கிறவர் அப்படிப் போடமாட்டார். பிங்க் அட்டை வைக்கவில்லை. ஒரு மணித்தியாலத்துக்கு எதற்கு அட்டை என்று நினைத்திருப்பார். அல்லது, அட்டை தனக்குக் கீழே உள்ளவர்களுக்கு என்று."

கிளைன் கடிகாரத்தைப் பார்த்தார்.

"மிஸ்டர் கிளைன், கோடைக்குப் பிறகு பெட்டியைத் தொடவில்லை என்றீர்கள். ஆனால் ஒட்டிய முதுகு எப்படி இருக்கிறது என்று எனக்குச் சொன்னீர்கள். வேரோனிக்கா அதை ஒட்டி முடித்தது போன புதன் மாலை. நீங்கள் அன்று ஒட்டாவாவில். அவள் யாருக்கும் காட்டவில்லை. நீங்கள் அதைப் பார்த்திருக்கக்கூடிய நாள் வியாழன். வெள்ளிக்கிழமை காப்பகம் பூட்டியிருந்தது, நிலவறை திறக்கப்படவில்லை. திங்கள் பெட்டி வெறுமை. வியாழன் மத்தியானம் இதே மேசையில் விருந்து நடந்தது."

கிளைனின் கழுத்து சிவந்தது. அந்தக் கழுத்து வலி உண்மையானது என்பதைத் தியாகலிங்கம் கவனித்துக்கொண்டார்.

"நன்கொடைக்காரர்கள் தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டார்கள்," என்றார் கிளைன் கடைசியில். "காப்பகத்தின் கூரையைத் திருத்த அவர்களுடைய காசு வேண்டும். பிறகு வாசல்வரை வழியனுப்பப் போனேன். அங்கிருந்து அப்படியே ஒரு கூட்டம். விடுமுறையென்றாலும் வெள்ளிக்கிழமை வந்து பார்த்தபோது மேசையில் புத்தகம் இல்லை. வேரோனிக்கா எடுத்து உள்ளே வைத்திருப்பாள் என்று நினைத்தேன்."

"திங்களும் அப்படியே நினைத்தீர்களா? மின்னஞ்சல் எழுதும்போதும்?"

கிளைன் கழுத்துப் பட்டியைத் தளர்த்தினார்.

"மிச்சத்தை இரத்தினவேல் அண்ணை சொல்லட்டும்," என்றார் தியாகலிங்கம். "வேரோனிக்கா, நீ எஸ்தர் அம்மாவுக்கு மொழிபெயர்."

இரத்தினவேல் தொண்டையைச் செருமினார்.

"நான் வரேக்கை மேசை முழுக்க எச்சில் தட்டு, பிள்ளை. ஒரு தட்டைத் தூக்கினால் கீழை இந்தப் புத்தகம். கீழ்ச் செபக்கூடத்தையும் நான்தான் துடைக்கிறனான், எழுத்தைக் கண்டோடனை சாமிப் புத்தகம் எண்டு விளங்கிட்டுது. மீன் எண்ணெய் பட்டிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசிட்டுது. எச்சில் தட்டுக்குக் கீழை வைச்சிருக்கினம் எண்டால், இதைக் கழிச்சு விட்டிட்டினம் எண்டுதானே நினைப்பன்? குப்பைப் பைக்குள்ளை போட மனம் வரேல்லை. கீழை அந்தத் தாடி ஐயா ஒருக்கா எனக்கும் சொன்னவர், உப்பிடியான புத்தகங்களுக்கு அந்த நீலத் தொட்டி எண்டு. அதுக்குள்ளை வைச்சிட்டன். எறியேல்லை, பிள்ளை. வைச்சனான்."

"ஒருத்தரும் உங்களைக் கேக்கேல்லையோ?" என்றாள் வேரோனிக்கா.

"என்னை ஆர் கேக்கிறது?"

வேரோனிக்கா ஒவ்வொரு வசனமாக ஆங்கிலத்தில் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை தொட்டி மயானத்துக்குப் போனதைச் சொல்லும்போது எஸ்தர் கண்ணை மூடிக்கொண்டார்.

கிளைன் எழுந்தார். "எந்த இடம் என்று அவர்களுக்குத் தெரியும். இன்றைக்கே தோண்டலாம். செலவு காப்பகத்தின் பொறுப்பு. இந்தத் துப்பரவுக் கம்பனியோடும் நான் பேசவேண்டியிருக்கிறது."

"உட்காருங்கள்," என்றார் எஸ்தர்.

கிளைன் உட்கார்ந்தார்.

எஸ்தர் இரத்தினவேலைப் பார்த்தார். "எப்படி வைத்தார் என்று கேளுங்கள்."

வேரோனிக்கா கேட்டாள். இரத்தினவேல் சொல்லத் தெரியாமல் செய்து காட்டினார். இல்லாத புத்தகத்தைத் தன் சேட்டின் முனையால் துடைத்தார். ஒரு கண்ணில் ஒற்றினார், மறு கண்ணில் ஒற்றினார். குனிந்து, இரண்டு கையாலும் மெல்ல இறக்கினார்.

எஸ்தர் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குக் கோபம்," என்றார் எஸ்தர். "கோபமில்லை என்று நினைக்கவேண்டாம். மீனுக்குக் கீழே வைத்தீர்கள், டேவிட். என் அப்பா அதைத் தொடுமுன் கை கழுவுவார்." கோட்டுப் பைக்குள் கையை விட்டு, வெறுமையாக வெளியே எடுத்தார். "எனக்குப் பிறகு அது என்னவாகும் என்று பயந்துதான் இங்கே கொடுத்தேன். அப்பாவை எங்கே போட்டார்கள் என்று இன்றுவரை தெரியாது. கல்லறையில் ஒரு சிறு கல் வைப்பது எங்கள் வழக்கம்; அப்படிக் கல் வைக்கப் போவதற்கு எனக்கு ஓர் இடம் இருந்ததில்லை. தோண்டவேண்டாம். இந்த மனிதரை யாரும் எதுவும் செய்யவும்கூடாது. பிள்ளை வேரோனிக்காவையும்தான். இதை எழுத்தில் கொடுங்கள், டேவிட். நான் காத்திருக்கிறேன்."

கிளைன் எழுதினார். 'ஒரு தவறு நிகழ்ந்துவிட்டது' என்று தொடங்கியது. யார் நிகழ்த்தியது என்பது அதில் இல்லை. எஸ்தர் மூக்குக் கண்ணாடியைப் போட்டு வாசித்து, திருப்பிக் கொடுத்தார். இரண்டாம் முறை எழுதியதில் 'நான்' என்ற சொல் இருந்தது.

வேரோனிக்கா பெட்டிக்குள் ஒரு பிங்க் அட்டையை வைத்தாள். எங்கே என்ற இடத்தில் மயானத்தின் பெயரை எழுதினாள். எப்போது திரும்பும் என்ற இடத்துக்கு வந்ததும் பென்சில் நின்றது. அப்படியே மூடி, நாடாவைப் பக்கவாட்டில் கட்டினாள்.

மயானத்துக்குக் கஸ்பரின் காரில்தான் போனார்கள். புத்தகங்கள் புதைத்த இடம் வேலியோரம், புல் முளைக்காத புது மண். ஒக்டோபர்க் காற்று குளிர்ந்தது. எஸ்தர் கீழே தேடி ஒரு சிறு கல்லை எடுத்து மண்ணின்மேல் வைத்தார். பிறகு ஏதோ சொன்னார், அவருடைய மொழியில். வேரோனிக்கா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரத்தினவேல் சப்பாத்தைக் கழற்றியிருந்தார்.

கஸ்பரும் தியாகலிங்கமும் சற்றுத் தள்ளி நின்றார்கள்.

"அண்ணை."

"ம்."

"நாங்களும் உப்பிடி ஏதாவது தாட்டு வைக்கலாமோ?"

"வைக்கலாம். மரியோவின்ரை என்ன வைச்சிருக்கிறாய்?"

கஸ்பர் யோசித்தார். "ஒரு சேட் இருந்தது. இஞ்சை வந்த முதல் விண்டரிலை குளிருது எண்டு உள்ளுக்குப் போட்டுப் போட்டு நான்தான் கிழிச்சன்."

கஸ்பர் குனிந்து ஒரு கல்லை எடுத்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்து, பொக்கற்றுக்குள் போட்டார். திரும்பி வரும்போதும் அவர்தான் காரை ஓட்டினார். ஒவ்வொரு திருப்பத்திலும் அந்தக் கல், வீட்டுத் திறப்போடு உரசிச் சத்தம் போட்டது.