கும்பிடு போட்ட கம்பம்

தேவகனி சத்தியநேசனை முதன்முதலாகப் பார்த்தபோது, அவன் வேலியைத் தாண்டிக் கத்திக்கொண்டே ஓடி வந்தான்.

"ஏட்டி! துணிய எடு! அந்தத் துணிய எல்லாம் எடு!"

போர்வை பிழிந்த கையோடு தேவகனி திரும்பினாள். நாகர்கோவிலில் ஆசிரியப் பயிற்சி முடித்து நேற்றுத்தான் அருமனைக்கு வந்திருந்தாள். கொல்லைத் தெங்கில், அந்த ஒற்றைத் தென்னையில், கைக்கெட்டும் உயரத்தில் ஒரு புதுக் கயிறு. மறுமுனை எங்கே போகிறது என்று அவள் பார்க்கவில்லை. துணி காயப்போட மகளுக்கென்று அப்பா கட்டியிருக்கிறார் என்று உருகிப்போய், வீட்டிலிருந்த ஈரத்தையெல்லாம் அதில் தொங்கவிட்டிருந்தாள்.

"ஆரப் பாத்து ஏட்டிங்கிய? எங்க தெங்கு, எங்க துணி. நீங்க ஆரு கேக்க?"

"கயிறு எனக்கதாக்கும். அங்க பாரு!"

பார்த்தாள். வேலிக்கு அப்புறம் கமுகு மரத்தண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக இணைத்து நட்ட ஒரு கம்பம். உச்சியில் உட்கார்ந்த காக்கை இரண்டு இடத்தில் இளைப்பாறித்தான் கீழே இறங்கும் என்று ஊரில் சொன்னார்கள். இளைப்பாறியதை நேரில் கண்டவர்களும் இருக்கிறார்கள். அப்பேர்ப்பட்ட கம்பம், பிஷப்பைக் கண்ட, சர்ச் மணியடிக்கும் கோயில்பிள்ளை மாதிரி, தேவகனியைப் பார்த்து இடுப்பு வளைத்து நின்றது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கக் கூடாது என்று திரும்பியவள், அவன் கண்களைப் பார்த்துவிட்டாள்... தூரத்து மழையைப் பார்த்துக்கொண்டே இருந்து பழகிய கண்கள். இந்தக் கண்ணுக்கு இவ்வளவு பெரிய தொண்டை எதற்கு?

"சவம், என்ன இது? கொடிமரமா?"

"ஏரியல். இதுல கடல் தாண்டிப் பேசலாம்."

பர்மா யுத்தத்தில் பட்டாளத்துக்காகக் கம்பியில்லாத் தந்தி தட்டியவன் சத்தியநேசன். சண்டை முடிந்தும் அவன் விரல் நிற்கவில்லை. டெல்லியிலிருந்து லைசென்ஸ் வாங்கி, ஒரு லாரி பேட்டரியை வைத்துக்கொண்டு வீட்டில் தட்டிக்கொண்டிருந்தான். கம்பம் சாயாமலிருக்க மூன்று பக்கம் இழுத்துக் கட்ட வேண்டும். இரண்டு பக்கத்துக்கு இரும்புக் கம்பி இருந்தது. மூன்றாவது பக்கத்துக்குக் கற்றாழை நார்க் கயிறும், தேவகனி வீட்டுத் தெங்கும். அவள் வருவதற்கு முன்பே அவள் அப்பா ஏசுஅடிமையிடம் போய், "உலகத்தையே பிடிச்சு நிறுத்தப்போறது உங்க தெங்குதான் மாமா" என்றான். அவர் உடனே சம்மதித்துவிட்டார்.

"மழை நனைஞ்சா இந்தக் கயிறு சுருங்கும், முடிச்ச நெகிழ்த்தணும். வெயிலடிச்சா நெகிழும், இறுக்கணும்," என்றான், துணிகளை அவள் கையில் ஒவ்வொன்றாகக் கொடுத்தபடி. "இல்லேன்னா கம்பம் முறிஞ்சிரும்."

"அப்பம் மழை வந்தா?"

"கூப்பிடு. ஓடி வாறேன்."

அந்த ஆனி மாதம் அருமனையில் மழையும் வெயிலும் ஒளிந்து பிடித்து விளையாடின. ரப்பர் மரங்களின் மேல் இரைச்சல் கேட்டதும் தேவகனி வேலியருகில் போய், "மழை வருது..." என்பாள். அவன் வருவான். வெயில் அடித்ததும், "வெயில் வந்தாச்சு..." அவன் மறுபடியும் வருவான். சில நாள் மழைக்கு முன்பே அவள் குரல் வந்துவிடும். குரலைக் கேட்டு மழை வந்தது என்றும் சொல்வார்கள்.

"நேத்து ஆருகிட்ட பேசுனிய?"

"ஆஸ்திரேலியாவுல ஒருத்தர். அங்க எப்பிடி இருக்குன்னு கேட்டார்."

"நீங்க என்ன சொன்னிய?"

"மழைன்னேன்."

"கடல் தாண்டிப் போய் மழையாக்கும் பேசுதிய! அவிய என்ன சொன்னாவ?"

"அங்கயும் மழையாம்."

அவள் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டாள். "அந்தப் பக்கம் தட்டுறது... பெண்ணா இருந்தா எப்பிடித் தெரியும்?"

"தெரியாது," என்றான் அவன், முடிச்சிலிருந்து கண்ணை எடுக்காமல். "இந்தப் பக்கம் நிக்கிறது என்ன நினைக்குதுன்னே தெரியல்ல..."

அன்று கயிற்றை இறுக்க நெடுநேரம் ஆயிற்று.

கெடுத்தது கோயில்பிள்ளை ராஜமணி. ஆராதனை முடிந்து எல்லாரும் வெளியே வரும்போது சத்தமாகச் சொன்னார்: "ஏசுஅடிமை அண்ணே, மழை பெய்தா அந்தக் கம்பம் உங்க மகளுக்கல்லா கும்பிடு போடுது!"

சபை முழுவதும் சிரித்தது. ஏசுஅடிமை வீடு வரும்வரை குடையை விரிக்கவில்லை. நேரே வேலிக்குப் போனார்.

"அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள்ள எனக்க தெங்குல உனக்க கயிறு கிடக்கப்பிடாது. கிடந்தா வெட்டுவேன்."

"அவிழ்த்துடுதேன். உங்க தெங்கு இல்லாட்டி எனக்க கம்பம் நிக்காதா?" என்றான் சத்தியநேசன். ஒரு முறையேனும் தேவகனி பக்கம் திரும்பவில்லை.

தேவகனி தெங்கில் கிடந்த முடிச்சைப் பார்த்தாள். கயிறு போனால் மழைக்கு யாரைக் கூப்பிடுவாள்?

சனிக்கிழமை அவன் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற மார்த்தாண்டம் போயிருந்தான். அப்போது வந்தது மழை. தென்னை ஓலைகளைக் கிழித்து, கிணற்றைத் தலைகீழாகக் கொட்டியது போல ஒரு மழை. கயிறு விறைத்தது. கம்பம் வளைந்து வளைந்து, அதன் நெற்றி தேவகனி வீட்டு ஓட்டில் முட்டுமளவுக்கு வந்தது. கமுகு பிளக்கிற சத்தம் கேட்டது.

ஏசுஅடிமை வெட்டுகத்தியோடு கொல்லைக்கு ஓடினார்.

"அப்பா, வெட்டாதிய! வெட்டுன வேகத்துல அது அந்தப் பக்கம் தெறிச்சு அவருக்க வீட்டு மேல விழும்!"

முழங்கால் வெள்ளத்தில் தேவகனி இறங்கினாள். முடிச்சின் ஒரு கண்ணியை உருவி, அடுத்ததைப் பல்லால் இழுத்து, கயிற்றைத் தெங்கைச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். கம்பம் முதுகை நிமிர்த்தியது... மெதுவாக, பிரசங்கம் முடிந்து எழுந்திருக்கிறவரைப் போல.

ஏசுஅடிமை கத்தியைத் தாழ்த்தினார்.

"இது உனக்கு எப்பம் தெரியும்?"

"முதல் மழையிலேயே... பாத்துப் படிச்சேன்."

"உனக்கே தெரியும்னா, அவன் எதுக்குட்டி ஓடி ஓடி வந்தான்?"

தேவகனி கயிற்றின் நுனியை விரலில் சுற்றினாள்.  வேலிக்கு அப்புறம், ஓடி வந்த மூச்சு அடங்காமல், நனைந்து நின்றான் சத்தியநேசன். கேட்டுவிட்டான்... எல்லாவற்றையும் கேட்டுவிட்டான்.

உள்ளே போனவன் ஒரு சுருள் இரும்புக் கம்பியோடு வந்தான்.

"மாமா, கயிற இப்பமே அவிழ்த்துடுதேன். எனக்க மண்ணுல முளையடிச்சு இதைக் கெட்டிருவேன்."

தேவகனி சுருளைத் தொட்டுப் பார்த்தாள். விரலெல்லாம் சிவப்பு.

"இது என்ன, இப்பிடித் துருப்பிடிச்சிருக்கு?"

அவன் தலை குனிந்தான்.

"வாங்கி ரொம்ப நாளாச்சு. நீ துணி காயப்போட்டதுக்கு மறுநாளே வந்துட்டு. கட்டிலுக்கு அடியில கிடந்துது."

"ஏன் கெட்டல்ல?"

"இரும்பு மழையில சுருங்காதுல்லா... பின்னே நீ கூப்பிடமாட்டியே. எனக்கு நீ கூப்பிடணும் தேவகனி. ஆஸ்திரேலியா கூப்பிடாட்டியும் எனக்குக் காரியமில்ல."

அவள் கண்கள் நிறைந்தன. அது மழையா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

"அப்பம் கயிறே இருக்கட்டும்," என்றாள். "எனக்கும் கூப்பிடணும்."

இருவரும் ஏசுஅடிமையைப் பார்த்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. தோளிலிருந்த ஈரத் துவர்த்துத் துண்டை எடுத்து நன்றாகப் பிழியாமலே உதறி, கயிற்றின் மேல் போட்டார். கம்பம் அவர் பக்கமாக மெல்லத் தலை சாய்த்தது.

"ம்," என்றார். "இப்பம்தான் பய எனக்குக் கும்பிடு போடுதான்."